கேஸ் மாத்திரைக்கும் சீட்டு வேண்டும்

புதுச்சேரி எல்லையோரத் தமிழ்நாட்டுக் கிராமமான பொம்மையார்பாளையத்தில் விடியும் முன்பே கடலுக்குப் போகிறவர், ஒரு டீயோடு படகில் ஏறுகிறார். கரை திரும்பி, மீனை ஏலத்தில் விட்டு, சோற்றில் கை வைக்கும்போது முற்பகல் ஆகிவிடுகிறது. இரவு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுக்கிறார். மறுநாளும் இருட்டில் எழ வேண்டுமே. நெஞ்சு எரிகிறது, புளித்த நீர் தொண்டைவரை எதுக்களிக்கிறது. அல்சர் என்று அவரே முடிவு கட்டி, மெடிக்கலில் கேஸ் மாத்திரை ஓர் அட்டை கேட்கிறார். மறுபேச்சில்லாமல் கிடைக்கிறது. தமிழ்நாடு முழுக்க இதுதான் வழக்கம்.

அந்த அட்டையில் பெரும்பாலும் இருப்பது வயிற்று அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் எச் அட்டவணையில் உள்ள இதை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. அட்டையிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். யாருக்காக அச்சிடுகிறார்களோ!

மருந்தின் மேல் குற்றமில்லை. இதே வகையைச் சேர்ந்த ஒமிபிரசோல் 1988இல் சந்தைக்கு வந்த பிறகு, குடல்புண்ணால் அவதிப்பட்ட எத்தனையோ பேர் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஆனால் இதைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் போட வேண்டும். பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம், அதன்பின் தொடரலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நம்மவர்களோ பிரியாணி சாப்பிட்டு, எரிச்சல் கிளம்பிய பிறகு விழுங்குகிறார்கள். மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைத்த அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். நோய் இன்னும் போகவில்லை என்று நினைத்து அடுத்த அட்டையை வாங்குகிறார்கள். இப்படித்தான் ஒரு மாதச் சிகிச்சை பத்தாண்டுப் பழக்கமாகிறது. நீண்ட நாள் போட்டால் பி12, மெக்னீசியம் குறையலாம். சர்க்கரைக்கு மெட்பார்மின் சாப்பிடுகிறவருக்கு பி12 இரண்டு மருந்தாலும் குறையலாம். சிறுநீரகப் பாதிப்பு பற்றிய எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்கும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2019இல் உத்தரவிட்டார்.

அமெரிக்காவில் ஒமிபிரசோலை 2003 முதல் சீட்டில்லாமலே விற்கிறார்களே என்று கேட்கலாம். அங்கே 14 நாள்தான், நான்கு மாதத்துக்கு ஒரு முறைதான் என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. இங்கே சட்டம் கடுமை, நடைமுறை சூனியம்.

கடைகளைச் சோதனையிடுவது அவசியம். ஆனால் பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே பிள்ளைச்சாவடி தொடங்கினால் அது புதுச்சேரி. கடைக்கு இன்னொரு அரசின் அதிகாரி. இரு அரசுகளும் சேர்ந்து இறங்காவிட்டால், வாங்குகிறவர் நான்கு எட்டு வைத்து எல்லை தாண்டிவிடுவார். அதோடு, சீட்டு வேண்டுமென்றால் மருத்துவரைப் பார்க்க வழி வேண்டும். மீன் ஏலம் நடக்கும் நேரத்தில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி.யும் நடக்கிறது. கடலோர நிலையங்களில் வாரம் இரண்டு நாளாவது மாலை ஓ.பி. நடத்த வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்ட ஊழியர்கள் 2021 முதல் பி.பி., சர்க்கரை மாத்திரையோடு வீடு தேடி வருகிறார்கள்; கேஸ் மாத்திரை எத்தனை மாதமாகப் போடுகிறீர்கள் என்றும் அவர்கள் கேட்கட்டும். எப்போது போடுவது, எத்தனை நாள் என்பதைக் கடைக்காரர் உறையில் தமிழில் எழுதித் தர வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு மேல் இந்த மாத்திரை போடுகிறவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். விழுங்கும்போது அடைத்தாலோ, மலம் கறுத்தாலோ, எடை குறைந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டினால் கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.