இலவச மென்பொருளும் நேர்மையான கூலியும்



"சும்மா கிடைக்கிற மென்பொருளைப் போட்டுக் குடுத்திட்டுக் காசு வாங்கிறது சரியோ அக்கா?" என்று தட்டச்சுக் கடை நடத்தும் தங்கை ஒருத்தி கேட்டாள். அந்த வருமானத்தில்தான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள்.

கட்டற்ற மென்பொருள் என்றால் விலையற்றது என்று அர்த்தமல்ல. அதைப் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் நமக்குச் சுதந்திரம் உண்டு என்பதே அர்த்தம். 1983இல் இம்முயற்சியை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டோல்மன், 1985இல் தமது ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றார். வலையமைப்பு வசதியிருந்தவர்கள் அதையே இலவசமாக எடுத்தார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை.

நான் மறைத்தேன். ஆரம்பத்தில் ஒருவருக்கு லிப்ரே ஒபிஸ் போட்டுக் கொடுத்து, "மென்பொருள் விலை" என்று காசு வாங்கினேன். அது இலவசம் என்று மகன் சொல்ல, அவர் திரும்பி வந்து கேட்டார். தலைகுனிந்து நின்றேன். அதன்பின் அவர் என் கடைப்பக்கம் வரவில்லை.

இப்போது பற்றுச்சீட்டில் இப்படி எழுதுகிறேன்: மென்பொருள் இலவசம், நிறுவுதல், தமிழ் எழுத்து ஒழுங்கு செய்தல், பழக்குதல் ஆகியவற்றுக்குக் கூலி இவ்வளவு. ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. பழகியவர்கள் மற்றவர்களையும் அழைத்து வருகிறார்கள்.

தங்கைக்கும் இதையே சொன்னேன். உழைப்புக்குக் கூலி கேட்க வெட்கப்படாதே. பிறர் உழைப்புக்கு நீ விலை போடாதே.