நளன் இறங்கி எண்ணிப் பார்த்தான்

2024-ல், பி.காம் முதல் வருடம் படிக்கும்போது, எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டாவது செமஸ்டர் ஃபீஸை ஆன்லைன் ரம்மியில் விட்டுவிட்டான். குத்தம்பாக்கத்தில் ஹைவே ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் சொன்னான். அழவெல்லாம் இல்லை. பேலன்ஸ் ஷீட் படிப்பது மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டான்.

"மச்சி, கம்மியா கட்டும்போது நல்ல சீட்டா வந்துச்சு. பெருசா கட்டினதும் ஒண்ணுமே சேரல. அது எப்படிடா?"

நான் பெரிய மேதாவி மாதிரி, "சான்ஸ்தாண்டா. தோத்த ஆட்டம்தான் மனசுல நிக்கும்" என்றேன். அன்று ராத்திரி படுத்த பிறகு என் பதில் எனக்கே பிடிக்கவில்லை. சீட்டைக் குலுக்கியது யார்? எங்கேயோ ஒரு சர்வர். அதில் எழுதியிருக்கும் நிரலை நானும் பார்த்ததில்லை, அவனும் பார்த்ததில்லை. அந்தக் கம்பெனி ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றவில்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. என் பிரச்சினையே அதுதான்.

எங்கள் அத்தை வீட்டில் பித்தளைத் தாயக்கட்டை ஒரு ஜோடி இருக்கிறது. கட்டைக்கு நான்கு பக்கம். ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்து உருட்ட வேண்டும். சின்ன வயதில் நான் தோற்கும்போதெல்லாம் "கட்டை சரியில்லை" என்று கத்துவேன். அத்தை ஒன்றும் சொல்லாமல் கட்டையை என் பக்கம் தள்ளிவிடுவார். எடுத்துப் பார்க்கலாம், எடை பார்க்கலாம், வேண்டுமானால் கட்டையை வைத்துவிட்டு நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் வெள்ளையாகத் தேய்த்து அதிலேயே ஆடலாம். சந்தேகப்படுகிறவனுக்கு அந்த ஆட்டத்திலேயே வழி இருந்தது.

கணக்கும் எளிது. நாலு பக்கமும் நாலு பக்கமும் சேர்ந்தால் 16 விதம். வெறுமையும் ஒன்றும் சேர்ந்தால் தாயம், அதற்கு 16-ல் 2. இரண்டும் வெறுமை என்றால் பன்னிரண்டு, அதற்கு 16-ல் 1. அதிகம் விழுவது மூன்று, 16-ல் 4. இதெல்லாம் அத்தைக்கு விரலிலேயே தெரியும், ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பர் எழுதாமலேயே!

இப்போது சகுனிக்கு வருவோம். செத்துப்போன அப்பாவின் எலும்பில் பகடை செய்தான், அது அவன் சொன்னபடி விழுந்தது என்று ஊரில் சொல்வார்கள். மூல மகாபாரதத்தில் அந்த எலும்புக் கதை கிடையாது. ஆனால் ஊர் ஜனங்கள் ஏன் அப்படி ஒரு கதையைச் சேர்த்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. பகடைக்குள் என்ன இருக்கிறது என்று உருட்டுகிறவனுக்கு மட்டும் தெரிந்தால், அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை. தருமரும் சும்மா உட்காரவில்லை, துரியோதனனுக்குப் பதில் சகுனி ஆடுவது முறையா என்று கேட்கத்தான் செய்தார். கேட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தும் விட்டார். நாம் 'ஐ அக்ரீ' அழுத்துவதற்கு அவர்தான் முன்னோடி :-)

எல்லாம் போய்க் காட்டில் இருக்கும்போது, பிருகதசுவர் என்ற முனிவர் அவருக்கு நளன் கதையைச் சொல்கிறார். இதில் எனக்குப் பிடித்தது தமயந்தி சுயம்வரம் இல்லை, அன்னப்பறவை தூது இல்லை. ஒரு தான்றி மரம்.

சூதில் நாட்டை இழந்த நளன், உருவம் மாறி, ருதுபர்ணன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டியாக இருக்கிறான். போகிற வழியில் ராஜா ஒரு தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில், இந்த இரண்டு கிளைகளில் 2,095 காய் இருக்கிறது என்கிறான். நளன் தலையாட்டவில்லை. தேரை நிறுத்தினான். நேரமாகிறது என்று ராஜா கெஞ்சியும் கேட்காமல் இறங்கிப் போய் எண்ணினான். சரியாக இருந்தது. அப்புறம்தான் எப்படி என்று கேட்டான். பகடையின் ரகசியமும் எண்ணும் வித்தையும் தெரியும் என்றான் ராஜா. நீ அதைச் சொல்லிக் கொடு, நான் குதிரை வித்தையைச் சொல்லித் தருகிறேன் என்று பேசி முடித்தார்கள். அந்த வித்தை உள்ளே போனதும் நளனைப் பிடித்திருந்த கலி வெளியே வந்துவிட்டான். (அந்தக் காலத்தில் தான்றிக் கொட்டையையே பகடையாக உருட்டுவார்களாம். ஆக, அவன் எண்ணியது ஏதோ ஒரு காயை இல்லை.) கதை கேட்ட தருமரும் முனிவரிடம் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார்.

1983-ல் க்னூ திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். ஒரு மென்பொருளை எதற்கும் ஓட்டலாம், திறந்து படித்து மாற்றலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமை. ஆங்கிலத்தில் இதற்கு 'ஃப்ரீ' என்று பெயர் வைத்துவிட்டு, ஓசி என்று அர்த்தம் இல்லை என்று இன்றுவரை விளக்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று சொல்லிவிட்டோம், அந்தத் தொல்லையே இல்லை.

"எங்கள் குலுக்கல் சான்றிதழ் பெற்றது" என்று ரம்மி கம்பெனிகள் போடுவார்கள். ருதுபர்ணன் எண்ணியது சரி என்று மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்ட கதை அது. இன்னொன்றும் சொல்ல வேண்டும், கட்டற்ற மென்பொருள் கட்சிக்காரர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. நிரலைத் திறந்து காட்டினால் மட்டும் இங்கே போதாது. காட்டியது ஒன்று, சர்வரில் ஓடுவது வேறொன்று என்று இருக்கலாமே?

அதற்கும் வழி உண்டு. ஒத்தையா ரெட்டையா ஆடியிருப்பீர்கள். கொட்டையை எண்ணி மூடிய கை மூடியதுதான், எதிராளி சொன்ன பிறகு மாற்ற முடியாது. இரண்டு பேருமே கையை மூடிக்கொண்டு, ஒரே நேரத்தில் திறந்து, இரண்டையும் கூட்டினால்? வருகிற எண்ணை யாரும் தனியாகத் தீர்மானிக்க முடியாது. கணினியில் மூடிய கைக்குப் பதில் ஒரு கணக்குப் பூட்டு, அவ்வளவுதான். நடுவில் நம்பிக்கையான ஆள் இல்லாமலே தொலைவில் இருந்து சீட்டாட முடியும் என்று ஷமீர், ரிவெஸ்ட், ஏடல்மன் மூவரும் 1979-லேயே எழுதிவிட்டார்கள். வழி இல்லாமல் இல்லை.

நம் ஊரில் பேச்சு வேறு பக்கம் போனது. தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். அதே வருடம் நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று உயர் நீதிமன்றம் அந்த இரண்டையும் தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் திறமையா அதிர்ஷ்டமா என்று இத்தனை வருடம் வாதாடியதில், குலுக்குகிறவன் கையை யார் பார்ப்பது என்ற கேள்வி ஓரமாகவே நின்றது. காசில்லாத ஆட்டங்களில் அது இன்னும் அப்படியே நிற்கிறது.

போன லீவில் பைத்தானில் ஒரு தாயம் எழுதினேன். நாற்பது வரி கூட இருக்காது. அத்தையிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆடிவிட்டு, "டேய், இது ஏமாத்துது. பன்னிரண்டு இவ்வளவு விழாது" என்றார். வயசானவர் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பையன் ஃபைலைத் திறந்து பார்த்தான். "அண்ணா, நீங்க கட்டையே உருட்டலையே" என்றான்.

நிஜம்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று ஏழு எண்ணை வரிசையாகப் போட்டு, அதில் ஒன்றை எடு என்று எழுதியிருந்தேன். 16-ல் 1 வர வேண்டிய பன்னிரண்டு, 7-ல் 1 வந்துகொண்டிருந்தது. ரம்மி விஷயத்தில் நண்பனுக்குப் பாடம் எடுத்த அதே நான்.

பையன் இரண்டு கட்டையைத் தனித்தனியாக உருட்டுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தான். அத்தை மறுபடி ஆடிப் பார்த்தார். "இப்ப பரவாயில்ல" என்றார். பித்தளைக் கட்டையை மட்டும் இன்னும் எடுத்து வைக்கவில்லை.