படிக்கப்படாத பக்கம்



ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் கலைந்தபின் கோவில் பெஞ்சுகளில் எஞ்சிக் கிடப்பவற்றைக் கொண்டு ஒரு பங்கின் நிலையை ஓரளவு அறிந்துகொள்ளலாம். மறந்துபோன கைக்குட்டை, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, மூக்குக் கண்ணாடியின் உறை ஆகியவற்றோடு, நான் மாதந்தோறும் அச்சிட்டு வழங்கும் பங்கு மடலும் கிடக்கும். பெரும்பாலும் மடிப்புக் கலையாமலே கிடக்கும். சில படிகள் விசிறியாகப் பயன்பட்டிருக்கும். இதற்கு நெடுநாள் வரையில் நான் கண்ட காரணம் ஒன்றுதான்: மக்களுக்குப் படிக்கும் பழக்கம் அற்றுப்போயிற்று, கைப்பேசி வந்து கெடுத்துவிட்டது! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அப்பழமொழி எனக்கே பொருந்தும் என்பதை ஒரு தாய் உணர்த்தினார்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூலை மாத மடலில் கல்வி உதவித்தொகையைப் பற்றி எழுதினேன். 'கல்வியும் கிறிஸ்தவக் குடும்பத்தின் கடமையும்' என்பது தலைப்பு. முதற்பத்தியில் கல்வியின் மேன்மை. இரண்டாம் பத்தியில் பெற்றோரின் பொறுப்பு. மூன்றாம் பத்தியில் இக்கால இளைஞரின் போக்கு. விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளோ, இரண்டாம் பக்கத்தின் அடியில், இறுதி வரிக்கு முந்திய வரியில் இருந்தது. அந்நாள் கடந்து மூன்று வாரங்களுக்குப்பின், தையல் வேலை செய்து பிழைக்கும் அந்தத் தாய் தம் மகளுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகக் காதுத் தோட்டை அடகு வைத்திருந்தார்.

"மடலில் எழுதியிருந்தேனே அம்மா, பார்க்கவில்லையா?" என்றேன்.

"எடுத்து பைபிளுக்குள் பத்திரமாய் வைத்திருக்கிறேன் சாமி. நீங்கள் எழுதினால் நல்லதாய்த்தான் இருக்கும். படிக்கத்தான் இல்லை" என்றார்.

அவர் குரலில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை வெகுநாள் உறுத்தியது.

அன்றிரவு அம்மடலை அவருடைய கண்கொண்டு படித்துப் பார்த்தேன். பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருந்து, இரவு உலை வைத்துவிட்டுச் சற்றே அமரும் ஒருவருக்கு, அத்தலைப்பு எதனை அறிவிக்கிறது? இன்னுமொரு மறையுரையை அறிவிக்கிறது. ஞாயிறன்று கேட்ட மறையுரையே அவருக்குப் போதுமானது. உள்ளே அவர் வீட்டுக்குரிய செய்தி ஒன்று இருக்கிறது என்பதற்கு வெளியே ஓர் அடையாளமும் இல்லை. படிக்காதது அவர் பிழையன்று. படிக்கத் தூண்டாதது என் பிழை.

அப்போது மாயூரம் வேதநாயகம் பிள்ளை நினைவுக்கு வந்தார். 1826ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, மாயூரத்தில் முன்சீபாகப் பணியாற்றியவர் அவர். 1859இல் நீதிநூலைச் செய்யுளாக இயற்றி வெளியிட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று அவர் அமைந்துவிடவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, 1879இல், பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டார். தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையை நீக்கவும், தம் முந்திய நூல்களில் கூறிய நீதிகளை எடுத்துக்காட்டுகளால் விளக்கவும் அதனை எழுதியதாக முன்னுரையில் குறிப்பிட்டார். கருத்துப் பழையது, கலம் புதிது. பெண்ணின் அறிவாற்றலைச் சொல்ல, ஞானாம்பாள் ஆணுடை தரித்து நாட்டை ஆள்வதாகக் கதை புனைந்தார். தமிழின் முதல் நாவல், சொன்னதையே மற்றொரு வகையாருக்கு ஏற்றவாறு சொல்ல ஒருவர் மேற்கொண்ட முயற்சியில் பிறந்தது. அப்பெரியவருக்கே அத்தகைய முயற்சி வேண்டியிருந்ததென்றால், நான் எம்மாத்திரம்?

மறு ஆண்டு புதிதாக ஒன்றும் எழுதாமல், பழைய மடலையே எடுத்துத் திருத்தினேன். 'உதவித்தொகைக்கு ஆகஸ்டு 31 கடைசி நாள்' என்று தலைப்பிட்டேன். முதல் வரியிலேயே எவரெவர் விண்ணப்பிக்கலாம் என்றும், அடுத்து வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவை வேண்டும் என்றும் எழுதினேன். வருமானச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும். ஆகையால் அதற்கே முதலில் மனுச் செய்க என்றும் சேர்த்தேன். கல்வியின் மேன்மை பற்றிய மூன்று பத்திகளையும் நீக்கினேன். நீக்கும்போது மனம் வலித்தது உண்மையே.

பின்னர் உபதேசியாரின் மனைவியை அழைத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அவர் நாக்கு இடறிய இடங்களில் கோடிட்டு, அச்சொற்களை மாற்றினேன். இறுதியில், 'உங்கள் வீட்டில் எந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை? இரண்டாம் பூசைக்குப்பின் வந்து சொல்லுங்கள்' என்று ஒரு வினாவையும் எழுதினேன். அந்த ஞாயிறு பதினொரு வீட்டார் வந்து நின்றனர். அவர்கள் கேட்டவற்றுக்கு விடை எழுதியபோது அடுத்த மாத மடல் தானே உருவாகிவிட்டது. என் மேசையிலிருந்து எழுந்த எந்தக் கட்டுரையும் அந்த அளவுக்குப் படிக்கப்பட்டதில்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். படிக்க வைப்பதற்காக இல்லாத அச்சத்தையோ கிடைக்காத ஆதாயத்தையோ தலைப்பில் ஏற்றுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் முதன்முறை அனைவரும் பிரிப்பர். இரண்டாம் முறை எவரும் நம்பமாட்டார்கள். தலைப்பு வாசற்கதவு போன்றது. உள்ளே என்ன இருக்கிறதோ அதற்கே அது திறக்க வேண்டும்.

மன்றத்துக்கு அறிக்கை எழுதும் செயலரும், பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்பும் தலைமையாசிரியரும், வெளியூரில் வாழும் மகனுக்கு நீண்ட கடிதம் எழுதி மறுமொழி வரவில்லையே என வருந்தும் தந்தையும் இதனை எண்ணிப் பார்க்கலாம். நாம் எழுதியது படிக்கப்படவில்லையெனில், படிப்பவர்மீது சினம் கொள்ளுமுன், அதனை ஒருமுறை அவர் இருக்கையில் அமர்ந்து படிப்போம். அவருக்கு வேண்டியது எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்ப்போம். அதனை முதல் வரிக்குக் கொண்டுவருவோம்.

அந்தத் தாயின் மகளுக்கு மறு ஆண்டு உதவித்தொகை கிடைத்தது. முதலாண்டுத் தொகை போனது போனதுதான். தோட்டை மீட்க அவருக்கு மேலும் பதினான்கு மாதங்கள் பிடித்தன. மாதமடலை எழுத அமரும்போதெல்லாம், தோடில்லாத அந்தச் செவிகள்தாம் என் கண்முன் நிற்கின்றன.