தோள்பட்டைக்கு ஏற்ற லேப்டாப்

'டூர் போனா போட்டோவெல்லாம் கொட்டி வைக்கணும். வெயிட் இல்லாத லேப்டாப்பா ஒண்ணு சொல்லுங்க' என்றார் காஞ்சிபுரத்து நண்பர். ஆபீஸில் குமாஸ்தா, சனி ஞாயிறுகளில் காமிராமேன். பி.காம். படித்தவனிடம் கம்ப்யூட்டர் யோசனை கேட்பது ஜோசியரிடம் ஊசி போட்டுக்கொள்கிற மாதிரி. ஆனால் கணக்கு என்றால் எனக்கு வரும்.

அவர் ஊரையே எடுத்துக்கொள்வோம். காலையில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றிலும் 58 குட்டிச் சன்னதிகள். ஒவ்வொன்றுக்கும் நாலு கிளிக் என்றாலே 232. பிறகு வைகுண்டப் பெருமாள், ஏகாம்பரநாதர், தறிச் சத்தம் கேட்கும் பிள்ளையார்பாளையம். சாயங்காலம் எண்ணினால் அறுநூறு! 24 மெகாபிக்ஸல் காமிராவில் 'ரா' ஃபைலாக எடுத்தால் ஒரு படம் சுமார் 25 எம்.பி. ஆக, ஒரு நாளைக்கு 15 ஜி.பி. பத்து நாள் டூருக்கு 150. 256 ஜி.பி. லேப்டாப் என்றால் விண்டோஸும் அதன் சொந்தபந்தங்களும் ஏற்கெனவே அதில் குடியிருக்கும். மூச்சு முட்டும். 512 வாங்குவது உத்தமம்.

அதிலும் தட்டு சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும்போது பஸ் ஒரு தூக்குத் தூக்கிப் போட்டால் அதற்கு ஆகாது. எஸ்.எஸ்.டி.யில் சுழல எதுவும் கிடையாது.

அடுத்தது எடை. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு தபால் கவருக்குள்ளிருந்து லேப்டாப்பை உருவிக் காட்டினார். 1.36 கிலோ. ஏக கைதட்டல்! அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போன சமாசாரம், காமிரா கார்டைச் செருக அதில் இடமே இல்லை என்பது. ஒல்லி லேப்டாப்கள் பலவற்றில் இன்றைக்கும் இதே கதைதான். கார்டு ரீடரைத் தனியாகச் சுமக்க வேண்டும். கடையில் சார்ஜரையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். விளம்பரங்களில் சார்ஜருக்கு எடை கிடையாது!

எல்லாம் கேட்டுக்கொண்டபின் நண்பர் பர்ஸைத் திறந்து ஒரு கறுப்பு-வெள்ளைப் படத்தைக் காட்டினார். 1979. வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் பெல்பாட்டம் போட்ட வாலிபர். நண்பரின் அப்பா. அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திவரதரைச் சேவித்துவிட்டு நின்ற படம்.

அடுத்த வைபவம் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தே போனார்கள். அதே வாசலில் அப்பாவை நிற்க வைத்து செல்போனில் நாற்பது படம் எடுத்தார் நண்பர். மறு வருஷம் போன் தண்ணீரில் விழுந்தது. அதற்கடுத்த வருஷம் அப்பா போய்விட்டார்.

'79-ல எடுத்த ஒண்ணு இருக்கு சார். 2019-ல எடுத்த நாப்பதுல ஒண்ணுகூட இல்ல.'

எந்த லேப்டாப் என்பதைவிட எத்தனை இடம் என்பதுதான் கேள்வி. லேப்டாப்பில் ஏற்றியதும் கார்டை அழிக்காதீர்கள். வீடு திரும்பும்வரை அது இரண்டாவது பிரதி. உள்ளங்கை அளவு எக்ஸ்டர்னல் டிரைவில் மூன்றாவது. அதை லேப்டாப் பையில் வைக்காதீர்கள், வேறு பையில் வையுங்கள். திருடன் பையோடுதான் தூக்குவான், பிரித்துப் பார்த்து எடுக்கமாட்டான்.

ஊர் திரும்பியதும் பத்துப் படமாவது பிரிண்ட் போடுங்கள். அத்திவரதர் அடுத்து வருவது 2059-ல். அன்றைக்கு இந்த லேப்டாப்புக்கு சார்ஜர் கிடைக்காது!