செவி அறுப்போரும் செவி கொடுப்போரும்

புதிதாகக் கவிதை எழுதத் தொடங்கிய ஒருவர், தம் கவிதையை முதன்முதலாக நாலு பேர் முன்னிலையில் வாசிக்கிறார். கேட்டிருப்பவர்கள் என்ன சொல்ல வேண்டும்?

சிறிய கேள்விதான். ஆனால் கமண்டல நாகநதிக் கரையிலுள்ள எங்கள் ஆரணியில், இலக்கிய ஆர்வலர்கள் சிலர் கூடிப் பேசும் மாலைப் பொழுதுகளில் எங்களை இதுபோல் இரு அணியாகப் பிரித்த கேள்வி வேறில்லை. வருகிறவர்களில் தறியை விட்டு எழுந்து வந்தவர் இருப்பார். அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவர் இருப்பார். கல்லூரி மாணவி இருப்பார். நான்காக மடித்த தாளைப் பிரித்து, குரல் சற்றே தடுமாற வாசித்துவிட்டு, எங்கள் முகங்களைப் பார்ப்பார்கள். அந்தக் கணத்தில் சொல்லப்படும் ஒரு சொல், அவர் அடுத்த கவிதையை எழுதுவாரா மாட்டாரா என்பதையே தீர்மானித்துவிடக் கூடும்.

ஒரு சாரார், "குறையை முகத்துக்கு நேரே சொல்லிவிட வேண்டும், தாங்குபவர் நிற்பார், தாங்காதவர் போகட்டும்" என்கிறார்கள். மறு சாரார், "எழுதி வந்ததே பெரிது, அருமை என்று சொல்லி அனுப்பிவைப்போம்" என்கிறார்கள். இரண்டுமே புதியவரைக் கைவிடும் வழிகள் என்பது எங்கள் துணிபு. முன்னவர் கவிதையைக் கேட்குமுன்பே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறார். பின்னவர் கேட்காமலேயே பாராட்டிவிடுகிறார். கேட்டல் என்ற செயல் இரண்டிலும் நிகழவில்லை.

தமிழ்ப் புலமை மரபில் கண்டிப்புக்கு எப்போதுமே குறைவிருந்ததில்லை. பிழைபடப் பாடுவோரைப் பிள்ளைப்பாண்டியன் தலையில் குட்டுவானாம்; வில்லிபுத்தூரார் காதை அறுப்பாராம்; ஒட்டக்கூத்தர் தலையையே கொய்வாராம். இம்மூவரும் இல்லாமற் போனதால்தான் கண்டவரெல்லாம் புலவராய்த் திரிகிறார்கள் என்று அங்கலாய்க்கும் தனிப்பாடல் ஒன்று உண்டு. மேடைகளில் அதை மேற்கோள் காட்டிக் கைதட்டல் பெறுவோர் இன்றும் உளர். திருவிளையாடற் கதையிலும் நக்கீரரின் அஞ்சாமையைத்தான் நாம் போற்றுகிறோம். 1965ல் வெளிவந்த திரைப்படத்தில் நாகேஷ் நடித்த பிறகு, தருமி என்றாலே நமக்குச் சிரிப்புதான் நினைவுக்கு வருகிறது. அவையில் தலைகுனிந்து, முகம் வாடித் திரும்பிய அந்த ஏழையின் மனநிலையைப் பற்றி எவரும் நின்று பேசுவதில்லை.

ஆனால் இதே மரபு இன்னொரு கதையையும் வைத்திருக்கிறது. அதன் நாயகர் எங்கள் மாவட்டத்துக்காரர், திருவண்ணாமலை அருணகிரிநாதர். வாதில் தோற்றவரின் காதை அறுக்கும் வழக்கமுடைய வில்லிபுத்தூரார், அருணகிரியாரோடும் வாதுக்கு வருகிறார். கந்தரந்தாதிக்கு உடனுக்குடன் உரை சொல்லிக்கொண்டே வந்தவர், தகர வருக்கத்தாலேயே அமைந்த ஐம்பத்து நான்காம் பாடலில் திகைத்து நின்றுவிடுகிறார். வென்றவர் அருணகிரியார், வழக்கப்படி அறுபட வேண்டியது வில்லியாரின் செவி. அருணகிரியார் அதைச் செய்யவில்லை. இனி எவர் செவியையும் அறுப்பதில்லை என்ற வாக்குறுதியை மட்டும் பெற்றுக்கொண்டு விட்டுவிட்டார். 'கருணைக்கு அருணகிரி' என்ற சொல்வழக்கு இதனால் வந்தது என்பார்கள். இது செவிவழிக் கதையே. வரலாறென்று சாதிக்க வேண்டியதில்லை. எனினும் ஒரு சமூகம் தன் கதைகளில் எதைப் பாராட்டியிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. தண்டிக்கும் உரிமை கையிலிருந்தும் அதைப் பயன்படுத்தாதவரையே அது பெரியவர் என்றது.

இனி மறுபக்கம். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியிலிருந்து கவியரங்க மேடைகள் பெருகின. கல்லூரி விழா, கட்சி மாநாடு, பொங்கல் நிகழ்ச்சி, வானொலி, பின்னர் தொலைக்காட்சி என எங்கும் கவியரங்கம். கவிதையைப் பெருங்கூட்டத்திடம் கொண்டு சேர்த்த பெருமை அதற்குண்டு. அதை மறுப்பது நன்றி மறத்தலாகும். ஆனால் எந்த வரியில் கை தட்டுவார்கள் என்று கணக்குப் பார்த்து எழுதும் பழக்கத்தையும் அதுவே பரப்பியது. கைதட்டல் ஒரு வரியைப் பாராட்டும். அந்த வரி கவிதையில் எதற்காக நிற்கிறது என்று கேட்காது. எங்கள் சிறு கூட்டங்களில் சொல்லப்படும் 'அருமை'யும் இந்தக் கைதட்டலின் தம்பிதான். பத்து முறை 'அருமை' கேட்டவர், பதினோராவது கவிதையையும் முதல் கவிதையைப் போலவே எழுதுகிறார். அவருக்கு நாம் எதையும் தரவில்லை. சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றிக்கொண்டோம், அவ்வளவே.

அப்படியானால் வேறு வழிதான் என்ன? அது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. நம் இலக்கண நூல்களின் வாசலிலேயே இருக்கிறது.

நூலுக்குப் பாயிரம் எழுதுவோர் கூற வேண்டியவை எவை என்று பவணந்தி முனிவர் நன்னூலில் பட்டியலிடுகிறார். ஆக்கியோன் பெயர், நூற்பெயர் முதலிய எட்டினுள் 'கேட்போர்' என்பதும் ஒன்று. காலம், களன், காரணம் என்ற மூன்றையும் அவற்றோடு சேர்ப்பாருண்டு. களன் என்பது நூல் அரங்கேறிய அவை. எழுதியவரின் பெயரைப் போலவே, கேட்பவர் யார், எந்த அவையில் கேட்கப்பட்டது என்பதும் நூலின் அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரத்தைப் பாருங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையம் என்று களன் சொல்லப்படுகிறது. அந்த அவையில் அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரிவித்தே தொல்காப்பியர் தம் நூலை அரங்கேற்றினார் என்று கேட்டவர் பெயரும் சொல்லப்படுகிறது. அதங்கோட்டாசான் எழுதிய நூலென்று இன்று நம் கையில் எதுவுமில்லை. இன்றளவும் அவர் பெயர் நிற்பதற்கு, ஒரு நூலை ஊன்றிக் கேட்டு, ஐயங்களை எழுப்பி, விளக்கம் பெற்றார் என்பது மட்டுமே காரணம்.

இந்தக் 'கேட்போர்' மரபு நம் காலத்திலும் தொடர்ந்திருக்கிறது. மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லலாம்.

1908ல் புதுவைக்கு வந்த பாரதியாரை, கனக சுப்புரத்தினம் என்ற இளைஞர் பின்னர் ஒரு திருமண வீட்டில் சந்தித்தார். பாரதியார் அங்கிருப்பதை அறியாமலே அவருடைய பாடலைப் பாடினார் அந்த இளைஞர். சில நாட்களுக்குப் பின் பாரதியார் அவரை நண்பர்கள் முன்னிலையில் சொந்தமாக ஒரு பாடல் எழுதச் சொன்னார். எழுதப்பட்ட பாட்டைச் சுதேசமித்திரனுக்கு அனுப்பியபோது, தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்ற குறிப்பையும் சேர்த்தார். 'நன்றாக எழுதுகிறார்' என்று புகழ்ந்து ஒதுங்கவில்லை. 'இவர் எங்களைச் சேர்ந்தவர்' என்று இடம் கொடுத்தார். பாரதிதாசன் என்ற பெயர் எதனால் வந்தது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது, ந. பிச்சமூர்த்தியின் பழைய கவிதையொன்றை முதல் இதழில் மறுபிரசுரம் செய்தார். அதைப் படித்த இளைஞர்கள், இப்படியும் எழுதலாமா என்று தாங்களும் எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி கவிதை எழுதத் தொடங்கியது 'எழுத்'தில்தான். சி. மணி, எஸ். வைதீஸ்வரன் போன்றோர் அங்கே உருவானார்கள். கடல் கடந்து திருகோணமலையிலிருந்து, இருபது வயதளவே ஆன தருமு சிவராம் எழுதியனுப்பியவற்றுக்கும் அங்கே இடமிருந்தது. 1962ல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பில் 24 பேரின் 63 கவிதைகள் இடம்பெற்றன. செல்லப்பா விமர்சனத்தில் எவருக்கும் விட்டுக்கொடுக்காதவர். இனிக்கப் பேசி மகிழ்விப்பவர் அல்லர். இருந்தும் அறிமுகமில்லாத கையெழுத்தில் வந்த தாள்களைப் பொறுமையாகப் படித்தார். புத்தக மூட்டையைச் சுமந்து ஊர் ஊராகச் சென்று விற்றவர் அவர். 119 இதழ்கள் வரை அந்த வாசல் திறந்திருந்தது. கறாரும் வரவேற்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது, ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி, எழுதுவோருக்காக அல்ல, கேட்போருக்காகவே கூடிய சபை. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லி, சொல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று சுவைப்பார்கள். அவருடைய ரசனையில் மிகையுண்டு என்று குறை கூறியோரும் இருந்தனர். இருக்கட்டும். ஒரு பாட்டை ஒரு மாலை முழுதும் கேட்கும் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். "எல்லாரையும் வரவேற்றால் கவிதை என்ற பெயரில் குப்பை சேரும், தரம் என்னாவது?" நியாயமான கேள்வி. ஆனால் முதல் வாசிப்பில் ஒருவரை அவமானப்படுத்துவதால் எந்தக் கவிதையின் தரமும் உயர்ந்ததில்லை. கூச்சமுள்ளவர்கள் விலகுவார்கள், தடித்த தோல் உள்ளவர்கள் தொடர்வார்கள். கூச்சமுள்ளவரிடம் கவிதை இருக்காது என்று யார் சொன்னது? மேலும் முதலில் விலகுபவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பகலெல்லாம் தறியில் உழைத்தவரும், வீட்டில் அனுமதி கேட்டு வந்த பெண்ணும், பள்ளிப் படிப்போடு நின்றவருமே. தரத்தின் பெயரால் நாம் இழப்பது இவர்களைத்தான். தரம் காக்கப்பட வேண்டிய இடம் இதழும் தொகுப்பும். முதன்முதலாக வாசிப்பவர் நிற்கும் இடமல்ல.

குறை சொல்லக் கூடாது என்று நாங்கள் கூறவில்லை. கூடிச் சிரிப்பதற்காக மட்டும் நட்பு இல்லை, நண்பர் வழி தவறும்போது முன்சென்று இடித்துரைப்பதற்காகவே என்று வள்ளுவர் வகுத்துவிட்டார். இடித்துரைக்கும் உரிமை நட்பிலிருந்து பிறக்கிறது என்பதே அங்கு முக்கியம். முதலில் நட்பு, பிறகே இடித்துரை.

எப்படிச் சொல்வது என்பதற்கு எங்கள் ஊர்த் தறியே பாடம் சொல்லும். ஆரணியிலும் சுற்றுப்புறத்து ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற ஊர்களிலும் பட்டு நெசவை அறிந்தவர்களுக்கு இது தெரியும். நெய்து முடித்த சேலையில் ஒரு குறை இருந்தால், அதை இரண்டு விதமாகப் பார்ப்பவர்கள் உண்டு. கூலி கொடுப்பவர் பார்ப்பார். எவ்வளவு குறைக்கலாம் என்று பார்ப்பார். பக்கத்துத் தறிக்காரரும் பார்ப்பார். இழை அறுந்ததா, அச்சில் பழுதா, ஊடை தளர்ந்ததா என்று காரணத்தைத் தேடுவார். கண்ணில் படும் குறை ஒன்றுதான். ஒருவர் சொன்னால் நெசவாளியின் வயிறு வாடும். மற்றவர் சொன்னால் அடுத்த சேலை திருந்தும். புதியவரின் கவிதை முன் நாம் பக்கத்துத் தறிக்காரராக இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். 'இது கவிதையே அல்ல' என்பது கூலிக் குறைப்பு. 'மூன்றாம் வரியில் அந்தக் காட்சி கண்முன் வந்தது. அடுத்த வரியில் அதற்கே விளக்கம் சொல்லிவிட்டீர்கள், அங்கே இழை தொய்கிறது' என்பது தறிக்காரர் பேச்சு.

இதையொட்டிச் சில நடைமுறைகளை நாங்கள் எங்களுக்குள் முன்வைத்திருக்கிறோம். வாசித்ததும் வாய் திறக்காமல், இன்னொரு முறை வாசிக்கச் சொல்வது. ஒரே வாசிப்பில் எந்தக் கவிதையும் முழுதாகக் காதில் விழுவதில்லை. பாராட்டினாலும் குறை சொன்னாலும் கவிதையிலிருந்து ஒரு சொல்லையேனும் சுட்டிக் காட்டிப் பேசுவது. நாம் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்போம் என்று காட்டாமல், அவர் எதை எழுத முயன்றார் என்று கேட்பது. வேறு கவிஞரோடு ஒப்பிட்டு வாயடைக்காமல், அவர் படித்துப் பயன்பெறக்கூடிய ஒரு நூலைக் கையில் கொடுப்பது. நாலு பேர் முன் சொல்ல வேண்டியதையும், தேநீர்க் கடையில் தனியே சொல்ல வேண்டியதையும் பிரித்தறிவது. கடைசியாக, அடுத்த கவிதை எப்போது என்று மறவாமல் கேட்பது. இவற்றுள் எதற்கும் பெரும் புலமை தேவையில்லை. சற்று நேரமும், தன் கவிதையை வாசிக்கும் முறை எப்போது வரும் என்று காத்திராத மனமும் போதும்.

தறியில் பழைய பாவு தீரும் தறுவாயில், அதன் இழை நுனிகளை அறுத்தெறிந்துவிடுவதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே நிற்கும் அந்த நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள், கண் நோகும், முதுகு வலிக்கும் வேலை. எவரும் அதைப் பார்த்துக் கை தட்டுவதில்லை. ஆனால் அது நடக்காவிட்டால் அடுத்த சேலை இல்லை.

நண்பர்களே, புதிதாய் எழுதுவோர் தாள்களோடு வாருங்கள். முன்பே எழுதிப் பழகியவர்கள், இந்த முறை எதுவும் கொண்டுவராமல் கேட்க மட்டும் வாருங்கள்.