உயிலில் வந்த வீட்டை விற்க இனி புரொபேட் தேவையில்லையா? சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

மயிலாப்பூரில் ஒரு வீடு. அப்பா உயில் எழுதி, மகள் பேருக்கு வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகள் அதை விற்க விலை பேசினால், வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி: "புரொபேட் வாங்கிட்டீங்களா?"

'இது உண்மையான உயில்தான்' என்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரொபேட். மதுரையில் இருக்கும் வீட்டுக்கு, மதுரையிலேயே எழுதிய உயில் என்றால் இந்தக் கேள்வி எழாது. ஆனால், வீடு பழைய சென்னை நகர எல்லைக்குள் இருந்தாலோ, உயில் அங்கே எழுதப்பட்டிருந்தாலோ 2025 வரை புரொபேட் கட்டாயமாக இருந்தது. கொல்கத்தா, மும்பைக்கும் இதே கதையாகத்தான் இருந்தது. அதிலும் இந்து, பௌத்த, சீக்கிய, ஜைன, பார்சி மதத்தினருக்கு மட்டும். முஸ்லிம்களுக்குக் கிடையாது என்றிருந்தது; கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்கு வந்தது. ஊரையும் மதத்தையும் பார்த்து மாறிய விசித்திரமான விதி!

இதற்குக் காரணமான 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவை நீக்கும் மசோதாவை, 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

அப்படியென்றால் உயிலைக் காட்டி நேராக கிரையம் செய்துவிடலாமா?

இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். போனது கட்டாயம் மட்டும்தான். உயிலை நிரூபிக்கும் பொறுப்பு அப்படியே இருக்கிறது. உயிலில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும். தகராறு வந்தால் அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். 20 வருஷத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியாது!

"ரிஜிஸ்டர் செய்த உயில்தானே, யார் என்ன கேட்க முடியும்?" என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. பதிவு கட்டாயமே இல்லை. பதிவு செய்த உயிலுக்குப் பிறகு, வெறும் வெள்ளைத்தாளில் முறைப்படி எழுதிய இன்னொரு உயில் இருந்தால் அதுதான் செல்லும். அந்தத் தாள் வில்லங்கச் சான்றில் வராது. வாங்குபவரின் பயமும் அதுதான்.

அதனால், புரொபேட் இல்லையென்றால் மற்ற வாரிசுகளும் கிரையப் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும் என்று வாங்குபவரோ, கடன் தரும் வங்கியோ கேட்கலாம். உயிலில் ஒன்றும் கிடைக்காத அண்ணன் சும்மா கையெழுத்துப் போடுவாரா? 'எனக்கு என்ன தர்றே?' என்று பேரம் தொடங்கும். அந்த மகளுக்கு அப்போது கைகொடுக்கக்கூடியது, இப்போது கட்டாயமில்லாத அதே புரொபேட்தான். நீதிமன்றம் அண்ணனுக்கும் நோட்டீஸ் அனுப்பும். ஆட்சேபம் இல்லை என்றால் சான்று கிடைக்கும். ஆட்சேபித்தால் அது முழு வழக்காக மாறி வருடக்கணக்கில் இழுக்கலாம். ஆனால் சான்று கையில் வந்துவிட்டால் உயில் உண்மையா, பொய்யா என்ற பேச்சு முடிந்தது.

அண்ணன் தங்கைக்குள் தகராறே இல்லாத குடும்பத்துக்குத்தான் 213 நீங்கியதில் முழு லாபம்.

வரி? உயிலில் வீடு வரும்போது இல்லை, விற்கும்போது உண்டு. அப்பா வாங்கிய விலைதான் மகளுக்கும் வாங்கிய விலை. அவர் கையில் வீடு இருந்த காலமும் கணக்கில் சேரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய வீடு என்றால் அந்த தேதியின் சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதனால் அப்பாவின் பழைய கிரையப் பத்திரத்தை முதலில் தேடி எடுத்துவிடுங்கள்.