மண்ணுக்கும் ஒரே சட்டமா?

இலங்கைத் தீவின் மண் ஒன்றல்ல என்பது கமக்காரனுக்குத் தெரியும். கொழும்பிலிருந்து ஆணை பிறப்பிப்போருக்கு மட்டும் அது தெரியவில்லை. 2021 மே மாதத்தில், ஒரே வர்த்தமானி அறிவித்தலால் செயற்கைப் பசளை இறக்குமதியைத் தடுத்தார்கள். நுவரெலியாத் தேயிலைக்கும் முருங்கன் நெல்லுக்கும் கோப்பாய் வெங்காயத்துக்கும் ஒரே கட்டளை!

சட்டம் பயின்றவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். சமமற்றவற்றைச் சமமாக நடத்துவதும் அநீதியே. மனிதருக்குப் பொருந்தும் இவ்விதி மண்ணுக்கும் பொருந்தும்.

வலிகாமத்துச் செம்மண்ணைப் பாருங்கள். சுண்ணாம்புக் கல்லின் மேற் படிந்த அம்மண்ணில் நீர் தேங்காது. இறைத்த நீரும் இட்ட பசளையும் விரைந்து கீழிறங்கும். யூரியாவின் ஒரு பங்கு நைத்திரேற்றாகி நாம் குடிக்கும் கிணற்றையே சேர்கிறது. ஆகவே, அங்கே பசளையைப் படிப்படியாகக் குறையுங்கள் என்று அரசாங்கம் கூறியிருந்தால் அதனை வரவேற்று எழுதுபவருள் நானும் ஒருவனாக இருந்திருப்பேன். நம்மவர் சிலர் அளவின்றி அள்ளிக் கொட்டினர் என்பதை மறைப்பதற்கில்லை. பனையோலையும் பூவரசங்குழையும் புதைத்து, ஆட்டுப்பட்டி அடைத்துத் தோட்டஞ் செய்த பாட்டன்மாரின் பேரர்கள் அல்லவா நாம்!

கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள மன்னார்க் கருங்களியோ நேர்மாறானது. ஈரத்தில் வீங்கி ஒட்டும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. உழுவதற்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். சேதனப் பொருள் அதில் இயல்பாகவே குறைவு. இட்ட எருவும் இவ்வெப்பத்தில் விரைவில் உக்கிப் போகும். இத்தகைய நிலத்தை ஒரே போகத்தில் சேதனப் பசளைக்குத் திருப்பிவிடலாம் என்று எந்த மண்சோதனையின் பேரில் தீர்மானித்தார்கள்? மலைநாட்டின் அமில மண் தேயிலைக்கு உகந்ததுதான். ஆயினும் கொழுந்து கிள்ளக் கிள்ள நைதரசன் அம்மண்ணை விட்டுப் போகிறதே, அதற்கு ஈடு எங்கே?

அறியாமல் செய்தார்கள் என்று வாதாடவும் இடமில்லை. மூர்மன், பானபொக்கை இருவரும் இத்தீவின் மண்வகைகளை ஆராய்ந்து வெளியிட்டது 1961இல். அறுபது ஆண்டுகள் அந்த ஆய்வு அலுமாரியில் கிடந்தது போலும்!

நடந்தது என்ன? 2021 நவம்பரில் தடையை நீக்கினர். அதற்குள் பெரும்போகம் பாழாயிற்று. 2022 ஏப்ரலில் ஜனாதிபதியே அது பிழையென ஒப்புக்கொண்டார். பொலனறுவைச் சிங்களக் கமக்காரனும் வவுனியாத் தமிழ்க் கமக்காரனும் ஒரே செங்கபில மண்ணில் நின்று ஒரே நட்டத்தைச் சுமந்தனர். இருவரையும் எவரும் கேட்டதில்லை.

இனியேனும் கேட்கச் செய்வோம். உங்கள் கமநல சேவை நிலையத்துக்குச் செல்லுங்கள். எங்கள் வயல்களுக்கு விதந்துரைத்த பசளை அளவு எந்த மண்சோதனையின் பேரில், எந்த ஆண்டில் வகுக்கப்பட்டது என 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள். பதிலைத் தமிழிலேயே தரச் சொல்லுங்கள். மறுத்தால், அம்மறுப்பையும் காரணத்தோடு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மேன்முறையீட்டுக்கு அது வேண்டியிருக்கும்.